டிக்காஷன் முட்டையும் புளியங்கொட்டை முட்டையும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நாட்டுக்கோழி வளர்ப்பு பற்றி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை காந்தி ஜெயந்திக்குப் பேச ஏறி, பாதியில் மறந்து போய் இறங்கி வந்தவள் நான். அதனால் எழுதி வைத்துத்தான் படிக்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கங்க.

தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "நீ கோழி வளர்த்து முன்னுக்கு வந்த கதையைச் சொல்லு"ன்னாங்க. நான் சொன்னேன், "அதைச் சொல்லணும்னா அந்த டிக்காஷன் கதையையும் சொல்லணுமேக்கா". அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சொல்லு. பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேரு காது மூக்கு வெச்சுத்தான் கேட்டிருக்காங்க. நீயே சொல்லிடு"ன்னாங்க. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் வாங்கிப் பன்னிரண்டு பெட்டையும் இரண்டு சேவலும் வாங்கினேன். எல்லாம் சிறுவிடைதான். அதுக்கு முன்னாடியும் வீட்டில் கோழி உண்டு. என் மாமியார் காலத்திலிருந்து பஞ்சாரத்தில் நாலஞ்சு கிடக்கும். விருந்தாள் வந்தால் அடிக்கிறது, பிள்ளைக்குச் சளி பிடித்தால் அடிக்கிறது, அவ்வளவுதான். விற்பனைக்கு என்று வளர்த்தது கடன் வாங்கின பிறகுதான். வாரம் இரண்டு நாள் டவுனில் ஒரு கடைக்கு முட்டை கொடுப்பேன். மீதியை நம்ம கூட்டமைப்புக் கடையில் வைப்பேன். அந்தக் கடையில் என்னோடு சேர்த்துப் பதினொரு பேர் முட்டை வைத்தோம்.

சிறுவிடை முட்டை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். சின்னதா, சந்தனத்தைக் கரைத்துப் பூசின மாதிரி இருக்கும். சிலது கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கும். ஒன்றிரண்டு கோழிதான் நல்ல செம்மண் நிறத்தில் போடும். ஆனால் டவுன்காரங்களுக்கு அது தெரியாது. அவங்களுக்கு வெள்ளை என்றால் பண்ணை முட்டை, பழுப்பு என்றால் நாட்டு முட்டை. தட்டில் கையை விட்டுக் கருத்ததாகப் பார்த்துப் பொறுக்குவாங்க. வெளுத்தது அப்படியே கிடக்கும். கடைக்காரரும் ஒரு நாள் சொல்லிட்டார், "கருத்த முட்டைன்னா 13 ரூபாய், வெளுத்ததுன்னா 8 ரூபாய்தான், இஷ்டம் இருந்தா போடு". ஒரே கோழி, ஒரே தீனி, ஒரே குப்பைமேடு. நிறத்துக்கு 5 ரூபாய்.

அந்த வருஷம் என் வீட்டுக்காரருக்குக் கையில் அடிபட்டு மூணு மாசம் வேலை இல்லை. தவணை நிக்கக் கூடாது. தவணை நின்றால் குழுவில் எல்லார் முகத்தையும் பார்க்கணுமே. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள், டீத்தூளைக் கொதிக்க வைத்து ஆற விட்டு முட்டையைப் போட்டு எடுத்தால் நிறம் ஏறிடும்னு. நான் அதைக் கேட்டதும் தப்பு என்று நினைக்கவில்லை. "அட, இவ்வளவு சுலபமா"ன்னுதான் தோணுச்சு. அதுதான் இப்போ நினைத்தாலும் எனக்கு உறுத்துகிறது.

நாலு வாரம் செய்தேன். ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு ஈயச் சட்டியில் டிக்காஷன் போட்டு, கரண்டியால் ஒவ்வொன்றாக இறக்கி, துணியில் காய வைப்பேன். என் மகள் அப்போ ஐந்தாம் வகுப்பு. ஒரு நாள் எழுந்து வந்து பார்த்துட்டு, "என்னம்மா, முட்டைக்கு டீ கொடுக்கிறியா"ன்னு கேட்டாள். போய்ப் படுடின்னு அதட்டினேன்.

ஐந்தாவது வாரம், கூட்டமைப்புக் கடையில் எப்பவும் வாங்கும் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருத்தங்க, ஆறு முட்டையை ஒரு தூக்குவாளியில் போட்டு எடுத்துட்டு வந்தாங்க. வேக வைக்கிறதுக்கு முன்னாடி வெந்நீரில் கழுவியிருக்காங்க. தண்ணீர் பழுப்பாகப் போச்சு, முட்டை திட்டுத் திட்டாக வெளுத்துப் போச்சு. சத்தம் போடவில்லை. கடையில் இருந்த நம்ம அக்காகிட்ட வாளியைக் கொடுத்து, "பொம்பளைங்க நடத்துற கடைன்னு நம்பித்தான் தெருத் தள்ளி வந்து வாங்கினேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் அந்த வாளியை நடுவில் வைத்தாங்க. யாரு முட்டைன்னு யாருக்கும் தெரியாது. பதினொரு பேர் முட்டையும் ஒரே தட்டில் கலந்துதானே கிடக்கும். ஒவ்வொருத்தரும் சத்தியம் பண்ண ஆரம்பிச்சாங்க. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, கணவர் இல்லாதவங்க, எட்டுக் கோழியை வைத்துத்தான் அவங்க அரிசி வாங்குறது, "என் முட்டையா இருந்தா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்"னு அழுதாங்க. அதுக்கு மேல என்னால உட்கார முடியலை. நான்தான்னு சொல்லிட்டேன்.

என்ன நடந்ததுன்னு நீட்டவில்லை. கடையில் இரண்டு மாசம் முட்டை விற்பனை நிறுத்தி வைத்தாங்க. அந்த இரண்டு மாசமும் நஷ்டம் எனக்கு மட்டும் இல்லை, மற்ற பத்துப் பேருக்கும்தான். நான் 600 ரூபாய் குழுவில் கட்டினேன். பெரியம்மா ஆறு மாசம் என்கூடப் பேசலை. பேசாதது நியாயம்தான்.

அதுக்கப்புறம்தான் நம்ம டாக்டர் ஐயா பயிற்சி கொடுக்க வந்தார். பயிற்சி குஞ்சு பராமரிப்புக்கு. முடிவில் கேள்வி கேக்கச் சொன்னப்போ, யாரும் வாயைத் திறக்கலை. எனக்குத்தான் இனிமே போக மானம் இல்லையே, எழுந்து கேட்டேன்: "சார், முட்டைக்கு நிறம் எங்கிருந்து வருது? தீனியில மாத்த முடியுமா?"

ஐயா சொன்னதை அப்போ நோட்டில் எழுதி வைத்தேன். கோழி வயிற்றுக்குள் முட்டை ஓடு கட்ட இருபது மணி நேரம் போல ஆகும். பழுப்பு முட்டைக்கும் முதலில் கட்டுவது வெள்ளை ஓடுதான். கடைசி நாலஞ்சு மணி நேரத்தில்தான் அதன் மேல் பழுப்புச் சாயம் படியும். அந்தச் சாயத்துக்கு புரோட்டோபார்பைரின் என்று பேர். ரத்தத்தைச் சிவப்பாக்குகிற பொருளோடு உறவு உள்ளதாம். அதனால்தான் நல்ல பழுப்பு முட்டையை உடைத்து ஓட்டின் உள்பக்கம் பார்த்தால் வெள்ளையாக இருக்கும். சாயம் எவ்வளவு படியணும் என்பது அந்தக் கோழியின் பரம்பரை. கேழ்வரகு போட்டாலும் கம்பு போட்டாலும் ஓட்டு நிறம் மாறாது. கீரையும் மக்காச்சோளமும் போட்டால் மஞ்சக்கரு நிறம் ஏறும், ஓடு ஏறாது. இன்னொன்றும் சொன்னார். ஓடு கருத்திருப்பதால் சத்து கூடுதல் என்பது கிடையாது. பண்ணையிலேயே கூண்டுக்குள் நின்று நல்ல பழுப்பு முட்டை போடும் கோழிகள் இருக்கு. நிறத்தைப் பார்த்து நாட்டு முட்டை என்று முடிவு கட்ட முடியாது.

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்போ அந்த 5 ரூபாய் எதுக்கு? ஆனாலும் வாங்குகிறவங்க கண்ணுக்குப் பிடிச்சதுக்குத்தான் காசு கொடுப்பாங்க. சேலைக்கும் அப்படித்தானே.

டாக்டர் ஐயா போனில் ஒரு படம் காட்டினார். பிரான்ஸ் நாட்டில் மாரான் என்று ஒரு ஊர், அந்த ஊர் பேரிலேயே ஒரு கோழி. முட்டை புளியங்கொட்டை மாதிரி, நம்ம கருப்பட்டி மாதிரி இருக்கு! நான் நம்பலை. "சார், இது டிக்காஷன்தானே"ன்னு கேட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அந்த ஊரில் நிறத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை நம்பர் போட்ட அட்டை வைத்திருக்காங்களாம். முட்டையை அட்டையோடு ஒப்பிட்டு, கருத்த நம்பர் முட்டையை மட்டும் அடை வைத்து வைத்து, தலைமுறை தலைமுறையாக நிறத்தை ஏற்றியிருக்காங்க. டிக்காஷன் இல்லை, பொறுமை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு பென்சில் எடுத்தேன். பேனா வேண்டாம், மை ஓட்டுக்குள் இறங்கும். எந்தக் கோழி, எந்தத் தேதி என்று ஒவ்வொரு முட்டையிலும் எழுத ஆரம்பித்தேன். எந்தக் கோழி எது போட்டது என்று கண்டுபிடிக்கிறதுதான் பெரும்பாடு. முட்டையிடப் போகும் கோழி கேறிக்கிட்டே இடம் தேடுமில்லையா, அப்போ அதைப் பிடித்துத் தனிக் கூடையில் கவிழ்த்து வைப்பேன். பக்கத்து வீட்டு மதினி, "என்னடி, கோழிக்கு ஜாதகம் எழுதுறியா"ன்னு கேலி பண்ணுவாங்க. பன்னிரண்டில் இரண்டு கோழிதான் கருத்த முட்டை போட்டது. ஒன்று செவலை, ஒன்று கருப்பு.

முதல் தப்பு இங்கேதான் பண்ணினேன். பெட்டையை மட்டும் பார்த்தேன், சேவலைப் பார்க்கலை. சேவல் முட்டை போடாதே, அதில் என்ன இருக்குன்னு நினைத்தேன். கருத்த முட்டையாகப் பொறுக்கி அடை வைத்து, குஞ்சு வளர்ந்து, ஏழாவது மாசம் முட்டையிட்டால், தாயை விட வெளுத்த முட்டை! மகளுக்கு நிறம் தாய் வழியாகவும் வரும், தகப்பன் வழியாகவும் வரும். என் சேவல் வெளுத்த முட்டைக் குடும்பத்துச் சேவல். பொண்ணு பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டையும் விசாரிக்கணும் என்று நமக்குத் தெரியும். கோழிக்கு மட்டும் மறந்து போச்சு. ஒரு வருஷம் போச்சு.

அப்புறம் இருக்கிறதிலேயே கருத்த முட்டையில் பொரிச்ச சேவல் குஞ்சுக்குக் காலில் சிவப்பு நூல் கட்டி, அதை மட்டும் வளர்த்தேன். நூல் கட்டுகிறவங்க கவனம், குஞ்சு வளர வளர நூல் கால் சதையில் இறங்கிடும். வாரம் ஒரு தடவை அவிழ்த்துக் கட்டணும். நான் ஒரு குஞ்சை அப்படி நொண்டியாக்கினேன். இப்போ பழைய வளையல் மாதிரி பிளாஸ்டிக் வளையம் வாங்கிப் போடுகிறேன்.

சேவலை மாற்றினதும் உடனே முட்டையை அடை வைக்கக் கூடாது. பழைய சேவலின் வித்து பெட்டை வயிற்றில் இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். அதனால் பழைய சேவலைப் பிரித்து மூன்று வாரம் தாண்டின பிறகு வரும் முட்டையைத்தான் புதுச் சேவல் முட்டை என்று நம்பலாம். இதுவும் எனக்குத் தெரியாமல் ஒரு அடை வீணாச்சு. வீணா என்றால் குஞ்சு பொரிச்சது, ஆனா யார் பிள்ளைன்னு சொல்ல முடியலை.

முட்டையை ஒப்பிடுறதிலும் ஒரு சூட்சுமம் இருக்கு. எந்தக் கோழியும் முட்டையிடத் தொடங்கும்போது போடுகிற முட்டைதான் கருப்பு. போகப் போக வெளுக்கும். அடை படுத்து, குஞ்சு வளர்த்து, ஓய்வு எடுத்து மறுபடி தொடங்கும்போது நிறம் திரும்பி வரும். வெயில் காலத்தில் வெளுக்கும். நாய் விரட்டி, பயந்து போன மறுநாளும் வெளுக்கும். அதனால் ஒரு கோழியின் முதல் முட்டையையும் இன்னொரு கோழியின் பன்னிரண்டாவது முட்டையையும் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் எல்லாக் கோழிக்கும் ஐந்தாவது முட்டையைத்தான் எடுத்துப் பார்ப்பேன். இன்னொன்று, நிறைய முட்டை போடும் கோழிக்கு நிறம் கொஞ்சம் மட்டாகத்தான் இருக்கும். நல்ல கருத்த முட்டைக்காரி எண்ணிக்கையில் கஞ்சம். இரண்டும் வேணும்னு ஆசைப்பட்டால் நடக்காது.

நிற அட்டையும் செய்தேன். பழைய காலண்டர் அட்டையில், உடைந்த ஓடுகளை வெளுத்ததிலிருந்து கருத்தது வரை ஏழு துண்டு ஒட்டினேன். சுவரில் மாட்டி வைத்தேன், ஆறு மாசத்தில் வெயில் பட்டு எல்லாமே ஒரே நிறமாச்சு. இரண்டாவது அட்டை டிரங்குப் பெட்டிக்குள் இருக்கு. இன்றைக்குக் கொண்டு வந்திருக்கேன், சாப்பாட்டு நேரத்தில் பார்க்கலாம்.

இப்போ இறகு விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் என் மாமியாருக்கும் எனக்கும் சண்டை. ஆடி மாசம் கருப்புசாமிக்கு நேர்ந்துக்கிறவங்க கலப்பில்லாத கருஞ்சேவல் கேட்டு வருவாங்க. கொண்டையைத் தவிர மற்றதெல்லாம் கருப்பாக இருக்கணும். சாதாரணச் சேவலுக்கு 600 என்றால் அதுக்கு 1,000 கூடக் கொடுப்பாங்க. நான் கருப்புப் பெட்டையையும் செவலைச் சேவலையும் சேர்த்தேன். குஞ்சு பெரும்பாலும் கருப்பாகத்தான் வந்தது. கருப்பு மற்ற நிறத்தை அமுக்கும். நாலு மாசம் வரை சந்தோஷமாக இருந்தேன். சேவல் குஞ்சுக்குக் கழுத்து இறகு முளைக்க ஆரம்பித்ததும், பார்த்தால் கழுத்தில் செம்பு நூல் மாதிரி சிவப்பு. மூன்று பேரிடம் சொல்லி வைத்திருந்தேன், மூன்று பேரும் வேண்டாம்னுட்டாங்க. சாமிக்குக் குறை வைக்க முடியுமா? பெட்டைக்குஞ்சில் அந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அதனால் கருஞ்சேவல் வேணும்கிறவங்க, தாயைப் பார்த்து ஏமாறாம, அதன் அண்ணன் தம்பிகளின் கழுத்தையும் பார்க்கணும்.

சாம்பல் நிறம் இன்னும் வேடிக்கை. எங்கள் பக்கம் பூதி என்போம். பார்க்க அவ்வளவு அழகு, மழை மேகம் மாதிரி. பூதிச் சேவலுக்குப் பூதிப் பெட்டையைச் சேர்த்தால் எல்லாம் பூதியாக வரும் என்று நினைத்தேன். பதினொரு குஞ்சில் ஐந்து பூதி, மூன்று கருப்பு, மூன்று அழுக்கு வெள்ளையில் சாம்பல் தெளித்த மாதிரி. என் மாமியார், "உன் கணக்கும் நீயும்"னாங்க. டாக்டர் ஐயாவிடம் கேட்டேன். பூதியில் பாதிதான் பூதியாக வரும், கால் பங்கு கருப்பு, கால் பங்கு அந்தத் தெளித்த வெள்ளை, எத்தனை தலைமுறை போனாலும் இதே கதைதான் என்றார். ஆனால் அந்தத் தெளித்த வெள்ளையையும் கருப்பையும் சேர்த்தால், குஞ்சு எல்லாமே பூதி. அழகில்லைன்னு நான் குழம்புக்கு அனுப்பிய கோழிதான் எனக்கு வேண்டிய கோழி! அதுக்கப்புறம் குஞ்சு நிறத்தைப் பார்த்து அவசரப்பட்டு அடிக்கிறதில்லை.

சிலருக்குக் கருங்கோழி என்றதும் முட்டையும் கருப்பாக இருக்கும் என்று ஒரு எண்ணம். கடக்நாத் கோழி, மத்தியப் பிரதேசம் ஜாபுவா பக்கத்துப் பழங்குடி மக்கள் வளர்த்த இனம், 2018இல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. அதுக்கு இறகு, தோல், சதை எல்லாம் கருப்பு. முட்டை வெளிர் பழுப்புதான். யாராவது கடக்நாத்தின் கருப்பு முட்டை என்று விற்றால் வாங்கிடாதீங்க. இறகு நிறத்துக்கும் முட்டை நிறத்துக்கும் சம்பந்தமே கிடையாது. என்னிடம் கருப்புக் கோழி வெளுத்த முட்டையும் போடும், வெள்ளைக் கோழி கருத்த முட்டையும் போடும்.

மூன்றாவது வருஷம் எனக்குக் கர்வம் வந்துச்சு. முட்டை நிறம் அட்டையில் ஐந்தாவது துண்டுக்கு வந்திருந்தது. நல்ல சேவல் ஒன்று அமைந்தது, அதையே அதன் மகள்களோடும் விட்டேன். நிறம் இன்னும் ஏறுச்சு. ஆனால் பதினைந்து முட்டை வைத்தால் முன்னே பன்னிரண்டு பொரிக்கும், இப்போ ஏழு, எட்டு. கூமுட்டை கூடுச்சு. ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தால் பாதி முட்டை வெறுமையாக இருக்கும். பொரிச்சதிலும் ஒரு குஞ்சுக்கு அலகு கோணல், இரண்டு எழுந்தே நிற்கலை. நமக்கு அத்தை மகன், மாமன் மகள் கதை தெரியும். இது அதைவிட மோசம், தகப்பனும் மகளும்.

வேறு ரத்தம் வேணும், ஆனால் கருத்த முட்டைக் குடும்பமாகவும் இருக்கணும். விசாரித்ததில், பக்கத்து ஊரில் முன்னே வனராஜா குஞ்சு வாங்கி வளர்த்த வீடுகள் இருந்தது. வனராஜா ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கினது, வண்ண இறகும் பழுப்பு முட்டையும் உள்ளது. அது நாட்டுக்கோழியோடு கலந்து திரிந்த ஒரு வீட்டில் முட்டை நல்ல கருப்பு. சேவலை எடுத்துக்கிட்டு யார் வீட்டுக்குப் போனேன் என்று நினைக்கிறீங்க? அந்தப் பெரியம்மா வீட்டுக்குத்தான். அவங்க மகள் அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கு. அந்த வீட்டுச் சேவல் அவங்க மகள் வீட்டுச் சேவல். வாசலில் நின்றேன். பெரியம்மா பஞ்சாரத்தை மூடிட்டு இருந்தாங்க. "என்ன"ன்னாங்க. சேவலை மாற்றிக்கலாமா, உங்க மகளிடம் கேட்டுச் சொல்றீங்களான்னு கேட்டேன். என் சேவலை வாங்கித் தூக்கிப் பார்த்தாங்க, நெஞ்செலும்பைத் தடவினாங்க, காலைப் பார்த்தாங்க. "இதுக்கும் சாயம் பூசியிருக்கியா"ன்னு கேட்டாங்க. நான் அழுதுட்டேன். அவங்க சிரிச்சாங்க. ஆறு மாசத்துக்கு அப்புறம் பேசினதே இரண்டு வருஷமா "ம்", "ஊஹூம்" என்றுதான், அன்றைக்குத்தான் முழு வார்த்தை.

அந்தச் சேவல் வந்ததும் பொரிக்கிறது சரியாச்சு, நிறமும் குறையலை. ஆனால் புதுத் தொல்லை ஒன்று வந்தது. அதன் மகள்களில் பாதி அடையே படுக்கவில்லை. பண்ணை ரத்தம் இருந்தால் அப்படித்தான், அடை புத்தி குறைஞ்சிடும். உடம்பும் கனம், பருந்து வந்தால் பறந்து ஒளியத் தெரியாது. சிறுவிடை குஞ்சைக் காப்பாத்துற மாதிரி அதுக்கு வராது. அதனால் கருத்த முட்டையைப் பழைய சிறுவிடைக் கோழிகளின் கீழ்தான் அடை வைக்கிறேன். வெளுத்த முட்டைக்காரி என்று ஒதுக்க இருந்தேனே, அவள்தான் இன்றைக்கு எல்லார் பிள்ளையையும் வளர்க்கிறாள். ஆறு சிறுவிடைகளை அதுக்கென்றே வைத்திருக்கேன். அடைக்கு முட்டை எடுத்து வைக்கிறவங்க ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கங்க. கோடையில் நாலஞ்சு நாள்தான். கூர்முனை கீழே இருக்கணும்.

நிறம் பார்த்துப் பழகினதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. போன வருஷம் மாசி மாசம் மூன்று கோழிகளின் முட்டை ஒரே நேரத்தில் வெளுத்தது, ஒன்று தோல்முட்டையாக இருந்தது. முட்டைத் தொடர் நடுவில் அப்படி ஆகக் கூடாது. கோழி தின்னுது, நடக்குது, பார்க்க ஒன்றும் இல்லை. எனக்கு மனசு கேட்கலை, டாக்டர் ஐயாவுக்குப் போன் போட்டேன். வெள்ளைக் கழிச்சல் வருவதற்கு முன் அப்படி முட்டை கெடலாம், அந்த மூன்றையும் உடனே பிரிச்சு வைன்னார். இரண்டு நாளில் ஒன்று கழுத்து திருகிச் செத்தது. ஊசி போட்டிருந்த மற்றது தப்பிச்சது. நோய் வந்த பிறகு ஊசி வேலை செய்யாது அக்கா. ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. வருஷா வருஷம் அரசாங்கம் இலவசமாகக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுது, அன்றைக்குக் கோழியைக் காலையிலேயே திறந்து விட்டுட்டு, ஐயா வந்ததும் பின்னாடி ஓடாதீங்க. பஞ்சாரத்தோடு வைத்திருங்க.

கடைசியாக, முட்டையைச் சோதிக்கிறது பற்றி. எலுமிச்சம்பழம் தேய்த்தால் நிறம் போனால் போலி என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் அதையே செய்யுறாங்க. அது தப்பு. புளிப்பு பட்டால் ஓடே கரையும், நிறம் மேல்பக்கம் இருப்பதால் உண்மையான பழுப்பும் சேர்ந்து வெளுக்கும். என் நல்ல முட்டையையே ஒருத்தர் அப்படித் தேய்த்து வந்து சண்டைக்கு நின்றார். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்க. டிக்காஷன் என்றால் துணியில் தெரியும். இதை நான் சொன்னால் நம்பலாம், இரண்டையும் செய்தவள்.

இப்போ நம்ம கடையில் கருத்தது, வெளுத்தது எல்லாம் ஒரே தட்டு, ஒரே விலை, 12 ரூபாய். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரும் வெள்ளைத் துணியும் வைத்திருக்கோம், யார் வேணுமானாலும் கழுவிப் பார்க்கலாம். அது என் யோசனை இல்லை, பெரியம்மா யோசனை. டீச்சரம்மா ஒன்றரை வருஷம் வரவே இல்லை. போன பொங்கலுக்கு முன்னாடி வந்தாங்க. ஒன்றும் பேசவில்லை. கிண்ணத்தில் ஒரு முட்டையைக் கழுவினாங்க, துடைச்சாங்க, துணியைத் திருப்பிப் பார்த்தாங்க. பத்து வாங்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் மாசம் இரண்டு தடவை வர்றாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு முட்டையைக் கழுவித்தான் பார்க்குறாங்க.

கருத்த முட்டைக் குடும்பத்துச் சேவல் குஞ்சு இந்தத் தடவை ஒன்பது இருக்கு, நாலு கருப்பு, மூன்று செவலை, இரண்டு பூதி. விலைக்கு இல்லை, உங்க வீட்டுச் சேவலுக்கு மாற்றாகத்தான் கொடுப்பேன், எனக்கும் புது ரத்தம் வேணும். வேணும்கிறவங்க தங்கள் வீட்டு முட்டை ஒன்றைப் பென்சிலால் பேரும் தேதியும் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. கழுத்தில் சிவப்பு வருமா வராதா என்று இப்போ கேட்காதீங்க, ஐப்பசிக்கு அப்புறம்தான் சொல்ல முடியும்.